பகுதியைக் குறைத்தால் நூறு

ஒரு பின்னத்தை நூறு சதவீதம் ஆக்க இரண்டு வழிகள் உண்டு. மேலே இருக்கும் தொகுதியைக் கூட்டலாம். அதற்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், பிள்ளைக்குப் புரியும் வரை அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் பொறுமை வேண்டும், காலையில் அது சாப்பிட்டுவிட்டு வந்ததா என்று கேட்கிற மனசு வேண்டும். இவ்வளவும் முடியாதென்றால் கீழே இருக்கும் பகுதியைக் குறைக்கலாம். அதற்கு ஒரு டி.சி. படிவமும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் போதும்.

தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகள் இந்த இரண்டாவது வழியைக் கண்டுபிடித்து வெகு காலம் ஆகிறது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஐம்பத்தேழு பேர் தேறினால் 95 சதவீதம். அதைப் பேனரில் போட்டால் பக்கத்துத் தெருப் பள்ளி சிரிக்கும். தேறமாட்டார்கள் என்று தோன்றும் மூன்று பேரை முந்தைய மே மாதமே கழற்றிவிட்டால் ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தேழு. யாருக்கும் ஒரு வரி கூடுதலாகச் சொல்லித்தரவில்லை. எந்தப் பிள்ளையின் தலைக்குள்ளும் புதிதாக ஒரு சூத்திரம் இறங்கவில்லை. ஆனால் தேர்ச்சி ஐந்து சதவீதம் ஏறிவிட்டது. இத்தனை சுத்தமான இயற்கணிதத்தைப் பிள்ளைகளின் பாடநூலில் தேடினாலும் கிடைக்காது. இது நிர்வாகத்துக்கு மட்டுமான பாடம்.

உயர்நிலை என்பது நம் ஊரில் ஒன்பதும் பத்தும். அதன் இரண்டாம் ஆண்டில், பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் எட்டு இயல்களில் மூன்றாவது, இயற்கணிதம். மூன்று மாறிகளில் ஒருங்கமை சமன்பாடுகள், பல்லுறுப்புக் கோவைகளின் மீ.பொ.வ., மீ.பொ.ம., விகிதமுறு கோவைகள், வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, அதன் வரைபடம், கடைசியில் அணிகள். 2019-இல் வந்த புத்தகம். அதை எழுதியவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. உட்கார்ந்து படித்தால் ருசிக்கிற புத்தகம்தான். அப்படி உட்கார்ந்து படிப்பதற்குத்தான் பள்ளிகளில் நேரம் இல்லை. காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி, நடுவில் ஸ்லிப் டெஸ்ட், பி.இ.டி. பீரியடில் மறுபடியும் கணக்கு. இத்தனை நேரமும் கணக்கே நடக்கிறது. புத்தகத்துக்குள் போகத்தான் நேரமில்லை.

அதே இயலில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஓர் அன்னப் பறவைக் கூட்டம். மேகம் திரண்டதும் ஒரு பங்கு ஏரிக்குப் போய்விடுகிறது, எட்டில் ஒரு பங்கு தோட்டத்துக்குப் பறக்கிறது, மூன்று ஜோடிகள் மட்டும் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருக்கின்றன. மொத்தம் எத்தனை என்பது கேள்வி. இருபடிச் சமன்பாடு அமைத்துத் தீர்த்தால் 144 வரும். ஏரிக்குப் போனவை 120, தோட்டத்துக்கு 18, மிச்சம் 6. பறந்து போனவற்றையும் கூட்டினால்தான் விடை. நம் பள்ளிக்கூடக் கணக்குப்படி அந்தக் கூட்டத்தில் மொத்தமே ஆறு அன்னங்கள்தான். ஆறும் தண்ணீரில். தேர்ச்சி நூறு சதவீதம். மற்ற 138? பெற்றோர் விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டன.

அந்த விருப்பம் தாளாளர் அறையில் உற்பத்தியாகிறது. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஓர் அறை இருக்கும். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். மேஜை மேல் ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுத் தாள், மூலையில் சிவப்பு மையில் 19. எதிரே நாற்காலியின் நுனியில் பையனின் அம்மா. பையன் வெளியே, வராந்தாவில், ஷூ முனையைப் பார்த்தபடி.

“உங்க பையன் தங்கமான பையன்மா. வாலுத்தனம் கிடையாது, மரியாதையா இருப்பான். ஆனா மேத்ஸ் ஏறமாட்டேங்குது. டென்த்ல இங்க பிரஷர் ஜாஸ்தி. அவனால தாங்க முடியாது. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதானே கஷ்டப்படணும்?”

“டியூஷன் வேணா வைக்கிறேன் சார். ஃபீஸு பாக்கி இல்லாம கட்டிர்றேன் சார்.”

“ஃபீஸ் பத்தி யாரும்மா பேசினா? அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுருங்க, ஈசியா பாஸ் ஆயிடுவான். இல்ல, டுடோரியல்ல சேத்து பிரைவேட்டா எழுத வைங்க. நீங்களா கேட்டு டி.சி. வாங்கிக்கிற மாதிரி ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துருங்க.”

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, சத்தம் இல்லை. தண்ணீர்கூடக் கொடுத்திருப்பார்கள். எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்பது வரை பதினொரு வருஷம் அதே பள்ளியில் படித்த பையன். வேன் ஃபீஸ், புக் ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ் ஃபீஸ், ஆண்டு விழாவுக்கு டிரஸ் ஃபீஸ். பதினொரு வருஷம் வாங்கிப் போட்டபோது இவனுக்குக் கணக்கு ஏறவில்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை. பதினொரு வருஷம் சொல்லிக்கொடுத்து 19 மதிப்பெண்தான் வந்ததென்றால் தேறாதது யார்? கடையில் வாங்கிய மிக்ஸி ஓடவில்லையென்றால் கடைக்காரன் மாற்றித்தர வேண்டும். இங்கே வாங்கியவனையே மாற்றிவிடுகிறார்கள்.

சான்றிதழைப் பாருங்கள். பள்ளியை விட்டு விலகிய காரணம்: பெற்றோர் விருப்பம். நடத்தை: நன்று. ஒரு பிள்ளையை வெளியே தள்ளிவிட்டு அவன் நடத்தை நன்று என்று எழுதிக்கொடுக்கும் கை நடுங்குவதில்லை. தள்ளியவர்களின் நடத்தையை எழுத அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை.

ஏன் சரியாக ஒன்பதாம் வகுப்பு? எட்டிலோ ஏழிலோ ஏன் இது நடப்பதில்லை? பிள்ளைகள் மேல் திடீரென்று இரக்கம் தீர்ந்துபோனதால் அல்ல. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. அந்தக் காவல் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது நிரம்பியவனை ஆபத்தில்லாத வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆக, ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாசலில் காவல்காரர் வீட்டுக்குப் போகிறார். அதே நேரத்தில் எதிர் வாசலைத் திறந்து வைக்கிறார்கள். பனியன் கம்பெனி, செல்போன் கடை, வாட்டர் கேன் வண்டி. பெண் பிள்ளையாக இருந்தால் ஜாதகக் கட்டு. சட்டத்தை வரிக்கு வரி வாசித்து அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கை வகுப்பறையில் காட்டியிருந்தால் அந்தப் பையன் இருபடிச் சமன்பாட்டை என்றைக்கோ தீர்த்திருப்பான்.

சரி, பையன் அரசுப் பள்ளிக்கு வருகிறான். ஜூன் மாதம், பத்தாம் வகுப்பு, கையில் 19 மதிப்பெண். பதினொரு வருஷத்துப் பாக்கியை ஒன்பது மாதத்தில் அடைக்க வேண்டிய கணக்கு வாத்தியார் அரசுச் சம்பளக்காரர். அடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அடைக்க முடியாமல் போனால் அது அரசுப் பள்ளியின் தோல்வி. முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் தலைமை ஆசிரியரை எழுந்து நிற்கச் சொல்வார்கள், சதவீதம் ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்பார்கள். கழற்றிவிட்ட பள்ளியின் தாளாளருக்கு அன்றைக்கு வேறு ஒரு மேடையில் பொன்னாடை. மறுநாள் பத்திரிகையில் தனியார் பள்ளிகளின் தேர்ச்சி இவ்வளவு, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி இவ்வளவு என்று ஒரு பட்டை வரைபடம் வரும். அதைப் பார்த்துவிட்டு நாமும் நம் பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் அட்மிஷன் போட வரிசையில் நிற்போம். வசூல் ஒருவருக்கு, வசவு இன்னொருவருக்கு.

அரசாங்கமாவது இந்தப் பகுதிக் கணக்கில் நேர்மையாக இருக்கிறதா? 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தாளுக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை. ஒரே நாளில் ஒரு நகரமே காணாமல் போன மாதிரி. இரண்டு வாரம் பரபரப்பாகப் பேசினார்கள். மே மாதம் முடிவு வந்தது: தேர்வு எழுதியவர்கள் 8,03,385, தேறியவர்கள் 7,55,451, தேர்ச்சி 94.03 சதவீதம். வராத அந்த 50 ஆயிரம்? பகுதியில் இல்லை. அவர்களையும் கீழே வைத்து வகுத்தால் விடை 90-ஐத் தொடாது. தாளாளர் அறையில் மூன்று பேரைக் கழித்ததைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறதல்லவா? தலைமைச் செயலகம் 50 ஆயிரத்தைக் கழித்துவிட்டு வாழ்த்துச் செய்தி வெளியிட்டது.

இந்த விஷயத்தில் நம் கல்வி முறை தன் லட்சியத்தைத் தொட்டது 2020-இல். கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று போட்டு எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். பெருந்தொற்றில் வேறு வழியில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடம்தான் டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் எவ்வளவு அநியாயமாகக் கழிக்கப்பட்டார்கள் என்று பளிச்சென்று தெரிந்தது. முந்தைய மே மாதம் வெளியேறாமல் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தால் அவர்களும் பாஸ்.

இனி, கழிக்கப்படாமல் மிஞ்சியவர்கள் கற்கும் இயற்கணிதம் எது என்று பார்க்க வேண்டும்.

நூறு மதிப்பெண் தாள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35. இந்த எண்களை மட்டும் ஓர் ஆசிரியர் அறையில் கொடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் சமன்பாடு தயார். புக் பேக் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு விடை எழுத்தை மனப்பாடம் செய்தால் 14. வரைதலும் வரைபடமும் 16. தேல்ஸ் தேற்றத்தை எழுத்து மாறாமல் ஒப்பித்தால் 5. கூட்டுங்கள். சரியாக 35. ஒன்றிரண்டு தவறினால் ஈடுகட்ட நாலைந்து இரண்டு மதிப்பெண் கணக்குகள். இதுதான் மெல்லக் கற்போருக்கான மினிமம் மெட்டீரியல். ஸ்டேப்ளர் அடித்த நாற்பது பக்கம். ஒரு பையன் ஒரு சமன்பாட்டைக்கூடத் தீர்க்காமல், தீர்ப்பது என்றால் என்ன என்றே தெரியாமல், தமிழ்நாட்டு அரசின் முத்திரையோடு கணிதத்தில் தேறிவிடலாம். மெல்லக் கற்பவன் என்று பெயர் வைத்துவிட்டு, மெல்லக்கூடக் கற்றுக்கொடுக்காமல் தாண்டவைத்துவிடுகிறோம்.

விடை எழுத்தை மனப்பாடம் செய்வது என்று சொன்னேன், அது மிகை இல்லை. முதல் கணக்குக்கு ‘ஈ’, இரண்டாவதற்கு ‘ஆ’, மூன்றாவதற்கு மறுபடியும் ‘ஆ’. ஈ ஆ ஆ இ அ. பக்கத்து அறையில் இருந்து கேட்டால் பாட்டு வாத்தியார் வந்துவிட்டாரோ என்று தோன்றும். கேள்வியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாத கணிதம் இது.

வரைபடக் கேள்விதான் இதில் செல்லப்பிள்ளை. எட்டு மதிப்பெண், எங்கும் போகாது. நவம்பரிலிருந்து தினம் ஒன்று போட்டுப் பழகுவார்கள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9 எக்ஸ் பிளஸ் 20 என்று ஒரு கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் அட்டவணை போடுகிறான். பூஜ்யத்துக்கு 20, ஒன்றுக்கு 12, இரண்டுக்கு 6, மூன்றுக்கு 2, நான்குக்கு 0, ஐந்துக்கும் 0, பிறகு அதே எண்கள் திரும்பி மேலேறுகின்றன. தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதுகிறான். அச்சுகளின் நுனியில் அம்புக்குறி. அதை விட்டால் மார்க் போகும் என்று நாலு தடவை திட்டு வாங்கியிருக்கிறான். புள்ளிகளை வைத்து வளைவாக இணைத்துக்கொண்டே வருகிறான். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் வந்ததும் ஸ்கேலை வைத்து ஒரு நேர்கோடு இழுக்கிறான். இரண்டு இடத்திலும் பூஜ்யம்தானே, நடுவிலும் பூஜ்யமாகத்தான் இருக்கும். வளைகோட்டுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் தட்டையாகிவிட்டது.

நாலரையில் அந்த வளைவு பூஜ்யத்துக்கும் கீழே கால் அலகு இறங்கித் திரும்புகிறது. அதுதான் அதன் முனை. சமச்சீர் அச்சு அந்த வழியாகத்தான் போகிறது. மூலங்கள் ஏன் அதற்கு இரு பக்கமும் சம தூரத்தில் நிற்கின்றன, மேலே போன எண்கள் ஏன் அதே வரிசையில் திரும்பி வருகின்றன என்ற சங்கதி முழுக்க அந்த நாலரையில் இருக்கிறது. யாராவது ஒருவர் பையனின் தோளில் கை வைத்து, “தம்பி, நாலரை போட்டுப் பாரேன்” என்று சொன்னால் போதும். இரண்டு நிமிட வேலை. சொல்ல மாட்டார்கள். நாலரை அட்டவணையில் இல்லை, விடைக்குறிப்பில் இல்லை, ஆகவே உலகத்திலேயே இல்லை. ‘இரண்டு மெய்யான, சமமற்ற மூலங்கள் உண்டு’ என்று கடைசி வரியை ஒப்பித்துவிட்டுப் பையன் அடுத்த தாளுக்குப் போகிறான்.

புத்தகத்தில் ரயில் கணக்கு ஒன்று உண்டு. சென்னையிலிருந்து விருத்தாசலம் 240 கிலோமீட்டர். பாசஞ்சர் ரயில் எக்ஸ்பிரஸைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, மணிக்கு 20 கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறது. பாசஞ்சரின் வேகத்துக்குச் சமன்பாடு போட்டால் இரண்டு விடை வரும்: 60, மைனஸ் 80. இரண்டில் ஒன்றை உதற வேண்டும். ஏன் உதறுகிறோம் என்று நிமிர்ந்து யோசிக்கிற அந்த ஒரு விநாடியில்தான் பிள்ளை தாளை விட்டு வெளியே வந்து தண்டவாளத்தைப் பார்க்கிறது. நம் வகுப்பில் அதற்கும் விதி எழுதிக்கொடுத்துவிட்டார்கள்: மைனஸ் வந்தால் அடித்துவிடு. எந்தக் கணக்காக இருந்தாலும் அடித்துவிடு. இதைவிடவும் பெரிய விதி ஒன்று இருக்கிறது: வாக்கியமாக வரும் கணக்கைச் சாய்ஸில் விட்டுவிடு. அன்னமும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்.

இப்படி ஆகிவிட்ட பிறகு சென்டம் கணக்கு மட்டும் எப்படி நிஜமாக இருக்கும்? 2024-இல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். 2025-இல் 1,996 பேர். மொத்தத் தேர்ச்சி அதே இடைவெளியில் 91.55-இலிருந்து 93.80-ஆக ஏறியது. ஒரே வருடத்தில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் கணித மேதைகள் எங்கே போனார்கள்? நாட்டை விட்டே ஓடிவிட்டார்களா? பிள்ளைகள் ஒரே வருடத்தில் மக்காகிவிடவில்லை. முந்தைய வருடம் அத்தனை பேரும் மேதைகளாகவும் இருந்திருக்க முடியாது. வினாத்தாள் லேசாகக் கழுத்தைத் திருப்பினால் பத்தில் ஒன்பது சென்டம் உதிர்ந்துவிடும் என்றால், அந்த நூறு அளந்தது கணிதத்தை இல்லை. வினாத்தாளோடு பிள்ளைக்கு இருந்த பழக்கத்தை.

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம். கீழ் வகுப்புப் பிள்ளைகள் சார்ட்டில் 1729 எழுதி ஒட்டுவார்கள். பத்தாம் வகுப்புக்கு அந்த விழாவெல்லாம் கிடையாது. பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்.

ஒரு வருடத்தையே முழுசாகக் கழித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு போனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்லது என்று செய்தார்கள், நல்லதும் நடந்தது. ஆனால் அதன்பிறகு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே சீட்டுத் தரும் என்றானதும், ஹாஸ்டல் வைத்த பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருட்டின. பிராய்லர் பள்ளிகள் என்று ஊரே பெயர் வைத்தது. அவர்கள் கூச்சப்படவில்லை, அட்மிஷன்தான் கூடியது. ஜே.இ.இ., நீட் என்று வந்தபோது அங்கே பாதிக் கேள்விகள் பதினொன்றாம் வகுப்பிலிருந்து. பிள்ளைகள் முழித்தன. 2017-18-இல் அரசு பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. மறு வருடமே அந்த மதிப்பெண் உயர்கல்விக்குக் கணக்கில் வராது என்றது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வே போனது. பிள்ளைகள் மேல் சுமை குறைகிறது என்பது காரணம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு சுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பரணில் கிடக்கும் புத்தகத்தைக் கீழே இறக்க வேறு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்? தேர்வு இருந்தால்தான் பாடம் நடக்கும் என்ற நிலைமையை வளர்த்துவிட்டு, தேர்வை மட்டும் எடுத்துவிடுவது, பள்ளி முதலாளிகளின் மடியில் ஒரு வருடத்தைத் தூக்கிப் போடுவதுதான்.

இதற்கெல்லாம் கணக்கு வாத்தியாரைப் பிடித்துத் திட்டுவது நம் வழக்கம். அவர் பாவம். தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறவருக்கு மே மாதம்தான் வேலை நிச்சயம் ஆகும். அவர் பாடத்தில் ஒருவன் தவறினால் ஜூனில் அவரும் வெளியே. நாலரையைப் பற்றி அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

குற்றவாளிப் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது. மே மாதம் பேருந்து நிலையத்து வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸைப் பாருங்கள். 498, 497, 496 என்று வரிசையாகப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். ‘490-க்கு மேல் 34 பேர்’. நடுவில் கூப்பிய கையோடு தாளாளர், பிள்ளைகளைப் போல் ஐந்து மடங்கு அளவில். 2017-இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது; பள்ளிகள் அந்தப் பொறுப்பை ஃப்ளெக்ஸ் கடைக்கு மாற்றிக்கொண்டன. அந்தப் பேனரில் உள்ள எண் அத்தனையும் தொகுதி. 34 பேர் சரி, எத்தனை பேரில்? எங்கேயும் இருக்காது. அதை நின்று கேட்ட ஒரு பெற்றோரை நான் பார்த்ததில்லை. கத்தரிக்காய் கிலோ நாற்பது என்றால் நேற்று எவ்வளவு என்று கேட்கிற ஜனம், லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டுமுன் பகுதி என்னவென்று கேட்பதில்லை. பத்தாம் வகுப்பில் நமக்கும் இதே மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார்கள் போலிருக்கிறது.

இந்த எண் கிடைக்காத எண்ணும் அல்ல. எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் தளத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. எந்தப் பள்ளியில் சேர்ந்தது, எந்த வகுப்பில் விலகியது, அடுத்து எங்கே போனது என்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். வருகைப் பதிவு, எடை, உயரம், இலவசச் செருப்பின் அளவு வரை ஆசிரியர்களைக் கேட்டு உள்ளிட வைத்த துறைக்கு இந்த ஒரு வகுத்தல் மட்டும் முடியாதா? முடிவு வரும் அன்று ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று எண் வெளியிடச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள், தேறியவர்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் நடுவில் காணாமல் போனவர்கள் இன்றைக்கு எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள், அல்லது எந்தப் பள்ளியிலும் இல்லை என்பதையும் சேர்த்து. தேர்ச்சிச் சதவீதத்தை அந்த முதல் எண்ணால் வகுத்துப் போடட்டும். அடுத்த மே மாதமே டி.சி. புத்தகத்தில் பாதிப் பக்கம் வெள்ளையாக மிஞ்சும்.

அதே மூன்று எண்களைப் பள்ளியின் ஃப்ளெக்ஸிலும் போட வேண்டும் என்று ஓர் அரசாணை. இடம் இல்லை என்பார்கள். தாளாளர் படத்தைப் பிள்ளைகளின் அளவுக்குக் குறைத்தால் தாராளமாக இடம் வரும்.